கன்னோன் இல்லாத பகல்

வருஷத்தில் ஒரு பகல் மட்டும் ஹிதோசே மலையூர்க் கோயிலில் கன்னோன் இருக்கமாட்டார். முப்பதடி உயரத்துக்குக் கற்பூர மரம் மட்டும் நிற்கும்.

ஆகஸ்டில், செத்தவர்கள் வீடு திரும்பும் போன் நாட்களுக்கு முந்தின வாரம், சிலைக்குத் தூசி தட்டியாக வேண்டும். அதற்காகக் கருணையே உருவான போதிசத்துவர் கன்னோனின் மார்பில் கால் வைத்து ஏறி மூக்கைத் துடைக்க முடியுமா? எனவே காலையிலேயே சாமியார் வந்து மந்திரம் சொல்லி, மரத்திலிருந்து உயிரை எடுத்து முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடி ஒன்றுக்குள் வைப்பார். கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடிப் பக்கத்து அறையில் வைத்துவிடுவார்கள். சாயங்காலம் அந்த உயிரைத் திரும்பச் சேர்க்கும்வரை நிற்பது வெறும் மரம். தோளில் உட்காரலாம், தலையை மிதிக்கலாம்.

மிதிக்கலாம் என்ன, மிதிக்கத்தான் வேண்டும். அன்றைக்கு அதன் முன்னால் கைகூப்பக் கூடாது, தலை குனியக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது, பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. வாய் தவறிக்கூட மரியாதை வந்துவிடாமல் இருக்க, முன்னோர்கள் திட்டுவதற்கு வழி செய்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர் யாராவது அன்று வந்து பார்த்தால் ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைப்பார். காரணம் இல்லாமல் இல்லை. ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டினால் உள்ளே இருந்து யார் குரல் கொடுப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இந்த வருஷம் யசுனோரி அங்கே போயிருக்கவே கூடாது. பிப்ரவரியில் அவன் மனைவி மிட்சுயே செத்துப்போனாள். சாவு விழுந்த வீட்டுக்காரன் ஒரு வருஷத்துக்குச் சிலையைச் சுற்றிக் கட்டும் சாரத்தில் ஏறக் கூடாது என்பது ஹிதோசேயில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கோயில் பொறுப்பைப் பார்க்கும் இவாவோ கிழவர் முந்தின நாள் சாயங்காலம் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“யசு, நாளைக்கு நீ வந்துடு.”

“என் வீடு சாவு வீடுண்ணே. இன்னும் வருஷம் திரும்பல.”

“அது எனக்குத் தெரியாதா. வேற யாரை ஏத்தறது, நீயே சொல்லு. எனக்கு முட்டி போச்சு. மேல்வீட்டுக்காரனுக்குக் கண்ணு ஆபரேஷன். மிச்சம் இருக்கறது பொம்பளைங்களும் பூனைங்களும்தான்.”

“கன்சுகே இருக்கானே.”

“அவன் கீழ கயிறு பிடிக்கணும். அவனைக் கயித்துல கட்டித் தூக்கினா மரமே சாஞ்சுடும்.”

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஹிதோசேயில் ஐம்பத்துமூன்று வயது யசுனோரிதான் வாலிபன்.

“சாமி கேப்பாரே,” என்றான் அவன்.

“கேட்டா நான் பாத்துக்கறேன். நீ பேசாம நில்லு. அது உனக்குக் கைவந்த கலைதானே.”

கிழவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் போனபின் அந்தச் சொல் அவன் நெஞ்சில் மீன்முள்ளாகத் தங்கிவிட்டது. பேசாமல் இருப்பதில் அவன் கெட்டிக்காரன்தான். வாயைத் திறந்த ஒரே நாளில் சொன்னது இதுதான்: “போறதுன்னா போ. திரும்பி வராதே.”

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது அப்போது. மகள் இருக்கும் டவுனுக்கே போய்விடலாம், இந்த மலையில் இன்னும் எத்தனை நாள் என்று மிட்சுயே கேட்டாள். வருஷக்கணக்காக அவள் கேட்டு, அவன் பதில் பேசாமல் இருந்த கேள்வி. அன்று மட்டும் பதில் வந்தது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலையில், தேவதாரு மரங்களுக்குக் கீழே இருக்கிற வளைவில், பள்ளத்தில் கிடந்த வண்டியைக் கண்டுபிடித்தார்கள். அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் கன்சுகேதான் இரும்புக்கயிறு போட்டு மேலே இழுத்தான்.

அந்த மலைக்கு ஒரே பாதை. கீழே போகிறவர்களும் மேலே வருகிறவர்களும் அந்த வளைவில்தான் திரும்ப வேண்டும். அவள் அவனை விட்டுப் போகும்போது விழுந்தாளா, திரும்பி வரும்போது விழுந்தாளா? யசுனோரி தினமும் இதோடுதான் எழுந்தான், இதோடுதான் படுத்தான். வண்டி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று கன்சுகேயிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. கேட்கவில்லை. கன்சுகேயும் பிப்ரவரியிலிருந்து அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. கடையில் எதிர்ப்பட்டால் ஊறுகாய் பாட்டிலை உற்றுப் பார்ப்பான். நல்ல சேதி வைத்திருப்பவன் முகத்தைத் திருப்புவானா? யசுனோரி அதையே பதிலாக எடுத்துக்கொண்டான்.

காலையில் கோயிலுக்குப் போனபோது இவாவோவின் மனைவி ஃபூகி அவனைப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு வயசாச்சே தவிர அறிவு வரல. பாவம், பொண்டாட்டி செத்த மனுஷனைக் கொண்டுவந்து ஏத்தறீங்களே.”

“நீ ஏறுறியா? ஏறுறதுன்னா சொல்லு, நானே பிடிச்சுக்கறேன்.”

“இந்த வாய்க்கு மட்டும் முட்டிவலி வரமாட்டேங்குது.”

ரியோகென் சாமியார் ஆற்றுக்கு அந்தப்பக்கத்து மடத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை இதற்காக மட்டும் மலையேறி வருகிறவர். ஊரின் சாவுக் காரியங்களைப் பார்ப்பது வேறு கோயில், வேறு சாமியார். எனவே யார் வீட்டில் என்ன நடந்தது என்று இவருக்குத் தெரியாது. வழக்கப்படி எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

“சாவு வீட்டுலேருந்து யாரும் இல்லையே?”

இவாவோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். யசுனோரி பேசாமல் நின்றான். சாமியார் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

மந்திரம் முடிந்து கண்ணாடியை மூடி எடுத்துப்போனதும் மண்டபத்தில் ஏதோ குறைந்தது. இன்னதென்று சொல்ல முடியவில்லை. அதே பதினொரு முகம், அதே பாதி மூடிய கண்கள், கூரை இருட்டில் அதே பொன்பூச்சின் மிச்சம். ஆனால் குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் ஜன்னல்கள் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன அந்தக் கண்கள். ஒவ்வொரு வருஷமும் இந்த நிமிஷத்தில் யாராவது முதல் வசவைச் சொல்லி ஆரம்பித்து வைக்க வேண்டும். இவாவோ ஆரம்பித்தார்.

“டேய் மரம். வருஷம் பூரா மூக்குல ஒட்டடையோட நிக்கிறியே, வெக்கமா இல்ல? பதினோரு தலை இருந்து என்ன, ஒரு தலையையாவது நீயே துடைச்சுக்கக் கூடாதா?”

பெண்கள் சிரித்தார்கள். “தடிமாடு மாதிரி வளந்திருக்கே, ஒரு வேலைக்கு ஆகுதா,” என்றாள் ஃபூகி, வேண்டுமென்றே புருஷனைப் பார்த்துக்கொண்டே. சிரிப்பில் மண்டபம் கொஞ்சம் இளகியது.

வெள்ளை உடுப்பும் வாய்மூடியும் போட்டுக்கொண்டு யசுனோரி மூங்கில் சாரத்தில் ஏறினான். இடுப்பில் கட்டிய கயிறு உத்தரத்தின்மேல் போய்க் கீழே கன்சுகேயின் கையில் முடிந்தது. ஏறுவதற்கு முன் முடிச்சைப் போட்டவனும் கன்சுகேதான். அப்போதும் முடிச்சைத்தான் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

மேலே போகப் போக வெயிலின் புழுக்கம் கூடியது. சிலையின் காது ஒரு சிறுபிள்ளை உயரம் இருந்தது. உள்ளே வௌவால் எச்சமும் குளவிக்கூடும். “காது கேக்காத மரமே, இதையெல்லாம் உள்ள வச்சுக்கிட்டா எப்படிக் கேக்கும்?” என்று கடமைக்கு ஒரு வசவு சொல்லிவிட்டுத் துடைத்தான். உள்ளே கூடாகக் குடைந்து, பல துண்டுகளாக இணைத்த சிலை அது. துணியால் தட்டும்போது ஆழத்தில் எங்கேயோ அந்தத் தட்டல் போய் நின்று திரும்பியது.

காதை முடித்துவிட்டு முகத்தின் முன்பக்கம் போவதற்காகக் கயிற்றில் ஆடி நகர்ந்தபோது, முழங்கால் சிலையின் கீழுதட்டில் இடித்தது.

“மன்னிச்சுக்குங்க,” என்றான் யசுனோரி.

சொன்னது அவனல்ல, பழக்கம். ஹிதோசேக்காரன் தந்திக்கம்பத்தில் இடித்துக்கொண்டாலும் மன்னிப்புக் கேட்பான். டெலிபோனில் பேசும்போதுகூடக் குனிந்து வணங்குவான். அதற்குத்தானே இத்தனை வசவும், இத்தனை எச்சரிக்கையும். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“பரவாயில்லீங்க.”

உதடு அசையவில்லை. குரல் வாயிலிருந்தும் வரவில்லை. காகிதக் கதவுக்கு அந்தப்பக்கம் அடுத்த அறையில் யாரோ பேசுவதுபோல மரத்துக்கு உள்ளே இருந்து வந்தது. கடைசியில் கொஞ்சம் இழுத்து, அப்படி ஒன்றும் பரவாயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிற அந்தப் பரவாயில்லை. உலகத்தில் அதை அப்படிச் சொல்ல ஒருத்திதான் இருந்தாள்.

வெளியே சிள்வண்டுகள் கத்திக்கொண்டே இருந்தன. அவை நின்றிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எதுவுமே நடக்காததுபோல வெயிலும் சிள்வண்டும் தத்தம் வேலையைப் பார்த்தன.

“என்னடா தொங்கிக்கிட்டு நிக்கிற?” கீழேயிருந்து கன்சுகே கேட்டான். “தூக்கமா?”

“ஒண்ணுமில்ல. குளவி.”

அவன் மெதுவாகச் சிலையின் கன்னத்தில் தன் காதை வைத்தான். மரம் சில்லென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் வெயிலுக்குச் சுட்டபோது அந்த ஓர் இடம் மட்டும் பனிக்கட்டியாக இருந்தது. வாய்மூடியை இறக்கிவிட்டு மூச்சுவிட்டான். ஆகஸ்ட் மாதத்தில் அவன் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

“மிட்சுயே?”

“ம்.”

“நீதானா?”

“வேற யாரு உங்ககூடப் பேசுவா.”

அவனுக்கு அழுகை வந்தது. பயமும் வந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் பேச மாட்டாளா என்றிருந்தது. அப்படி இரண்டும் சேர்ந்து ஒரு மனுஷனுக்கு வரும் என்று அதற்குமுன் அவனுக்குத் தெரியாது.

“எங்க இருக்க?”

“தெரியலீங்க. இருட்டா இருக்கு. மர வாசனை அடிக்குது. யாரோ மன்னிச்சுக்கன்னு சொன்னாங்க. உங்க குரல் மாதிரி இருந்துச்சு. நீங்களாவது, அந்த வார்த்தை சொல்றதாவதுன்னு நெனச்சேன். இருந்தாலும் வந்து பாத்தேன்.”

கீழே ஃபூகி சாப்பாட்டுக்கு மணியடித்தாள்.

மத்தியானம் குளிர்ந்த நூடுல்ஸும் சுட்ட மீனும். யசுனோரி குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வாய்கூட இறங்கவில்லை. சாமியார் உள்ளறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதேச்சையாகக் கேட்பதுபோல இவாவோவைக் கேட்டான்.

“அண்ணே, முடிக்கறப்போ சாமி ‘உள்ள யாராவது உண்டா’ன்னு கேப்பாரே. கடைசியா இறங்கறவன் யாருமில்லைன்னு சொல்லணும். ஒருவேளை இருக்காங்கன்னு சொல்லிட்டா?”

இவாவோவின் கை பாதியில் நின்றது. கன்சுகே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏன் கேக்கற?”

“இன்னிக்கு நான்தானே சொல்லணும். அதான்.”

“என் தாத்தா சின்னவரா இருந்தப்போ ஒருத்தன் சொல்லிட்டான். செத்துப்போன அவன் பொண்ணு உள்ள பேசுச்சாம். ஒரு வீட்டுல ரெண்டு குடித்தனம் வைக்க முடியாதுன்னு சாமி உயிரைக் கண்ணாடிலயே வச்சுக்கிட்டுப் போயிட்டார். கோயிலைப் பூட்டிட்டாங்க. இங்க ஏத்தற விளக்குதான் போன் நாளுக்கு வீடு வர்ற செத்தவங்களுக்கு வழி காட்டறது. அந்த வருஷம் விளக்கு இல்ல. ஊர்ல செத்தவங்க ஒருத்தரும் வீடு வந்து சேரல. அவன் மட்டும் பின்பக்கப் பலகையை நகத்திட்டுப் போய்த் தெனம் பேசிட்டிருந்தான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பனிக்காலத்துல பாத்தா சிலையோட காலைக் கட்டிக்கிட்டு வெறச்சுக் கெடந்தான். சிரிச்ச மொகமா இருந்தானாம்.”

“சாப்பிடற நேரத்துல நல்ல கதை,” என்றாள் ஃபூகி.

“கேட்டான், சொன்னேன். இதோ பாரு யசு, வெறும் மரத்துல எது வேணா வந்து உக்காரும். நமக்கு எந்தக் குரல் வேணுமோ அந்தக் குரல்ல பேசும். எதைக் கேக்கணும்னு உசுர வச்சுக்கிட்டு இருக்கோமோ அதையே சொல்லும். அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும், பொய்யின்னு.”

யசுனோரி தலையாட்டினான். ஒரு குச்சி நழுவி விழுந்தது. எடுத்து வைத்துவிட்டு எழுந்தான்.

மறுபடி மேலே ஏறியபோது அவன் மனதில் ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்டுவிட வேண்டும். என்ன பதில் வந்தாலும் சரி. கன்னத்தின் குளிர்ந்த இடத்தில் இப்போது பொடி நீர்த்துளிகள் பூத்திருந்தன. துடைத்தான், மறுபடி பூத்தன.

“மிட்சுயே. வண்டி எந்தப்பக்கம் பாத்துக் கெடந்துச்சு?”

உள்ளே யாரோ இடம் மாற்றி உட்கார்வதுபோல மரம் முனகியது.

“மேல பாத்துங்க. நான் வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தேன்.”

எத்தனை மாதம் காத்திருந்த வார்த்தை. அது காதில் விழுந்ததும் அவன் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. வெட்கமில்லாமல், கயிற்றில் தொங்கிக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் இவாவோவின் சொல் நினைவுக்கு வந்தது. எதைக் கேட்கணும் என்று உயிரை வைத்துக்கொண்டு இருக்கிறோமோ அதையே சொல்லும்.

“பொய்,” என்றான் மெதுவாக.

“கீழ கன்சுகே நிக்கிறான் இல்ல. அவனைக் கேளுங்க.”

குனிந்து பார்த்தான். வெகுகீழே கன்சுகேயின் வழுக்கை, இரண்டு கையிலும் கயிறு. அவனை ஒரு வார்த்தை கேட்டால் போதும். மேலே என்றால் இது மிட்சுயே. கீழே என்றால் இது வேறு எதுவோ. அதோடு, அவள் அவனை விட்டுப் போனவள் என்பதும் நிச்சயமாகிவிடும். தெரியாமல் இருக்கிறவரை பாதி மேலே பார்த்த வண்டி ஒன்று அவனிடம் இருந்தது. அந்தப் பாதியையும் இழக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

“கன்சுகே.”

“என்னடா?”

கன்சுகே அண்ணாந்து பார்த்துவிட்டு, உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அந்தத் தாழ்த்தல் போதுமாக இருந்தது அவனுக்கு.

“கயித்தைக் கொஞ்சம் தளர்த்து.”

மரத்துக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது. இருபத்தெட்டு வருஷம் பக்கத்துப் படுக்கையில் கேட்ட பெருமூச்சு.

“சரி, விடுங்க. கேக்கமாட்டீங்கன்னு தெரியும்,” என்றாள். “ஒண்ணு மட்டும். யாருமில்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல.”

அவன் பாக்கி இருந்த பத்துச் சின்னத் தலைகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தான். அதற்குப்பிறகு அவளும் பேசவில்லை. துணி போகும் இடமெல்லாம் உள்ளிருந்து ஒரு குளிர் கூடவே வந்தது. கண்ணாடி ஜன்னலின் அந்தப்பக்கம் ஒருவர் கைவைத்துக்கொண்டு நம் கையோடு கூடவே நகர்த்துவது போல.

சாயங்காலம் சாரத்தைவிட்டு அவன் கடைசியாக இறங்கினான். எல்லாரும் வாய்மூடியைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். சாமியார் மூடிய கண்ணாடியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து சிலையின் பாதத்துக்கு முன்னால் நின்றார். அவனைப் பார்த்துக் கேட்டார்.

“உள்ளே யாராவது உண்டா?”

ஊரே அவன் வாயைப் பார்த்தது. இருக்கிறார்கள் என்று சொன்னால் அடுத்த வாரம் ஒரு வீட்டுக்கும் செத்தவர்கள் வரமாட்டார்கள். ஃபூகியின் தங்கை வரமாட்டாள், இவாவோவின் அப்பா அம்மா வரமாட்டார்கள். ஏதோ ஒரு பேயின் பேச்சைக் கேட்டு அதைச் செய்ய முடியுமா? நியாயமெல்லாம் அவன் பக்கம்தான் இருந்தது.

“யாருமில்லை. மரம்தான்.”

மேலே எங்கேயோ ஒரு இணைப்பு விரிசல் விடும் ஓசை கேட்டது. வெயில் தாழ்ந்தால் மரம் அப்படித்தான் ஓசையிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

“உள்ளே யாராவது உண்டா?”

“யாருமில்லை. மரம்தான்.”

இந்தமுறை ஓசை மேலேயிருந்து வரவில்லை. மார்பிலிருந்து, வயிற்றிலிருந்து, பிறகு முழங்காலிலிருந்து வந்தது. யாரோ இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு படியிறங்கி வருகிறார்கள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தான். யாரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.

“உள்ளே யாராவது உண்டா?”

அவன் நின்ற இடத்துக்கு நேரே, பாதத்தின் மரத்துக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில் கேட்டது. “என்னங்க.” சண்டைபோட்டுவிட்டுச் சாப்பிடக் கூப்பிடும்போது அவள் கூப்பிடுவாளே, அந்தக் குரல்.

“யாருமில்லை,” என்றான் யசுனோரி. “மரம்தான்.”

சாமியார் துணியை விலக்கினார். மந்திரம் ஆரம்பித்தது. கண்ணாடியின் வெளிச்சம் சிலையின் மேல் ஏறிக் கண்ணில் பட்டபோது எல்லாரும் ஒரே சமயத்தில் தலை குனிந்தார்கள். பகல் முழுக்கத் திட்டிய வாய்களெல்லாம் கன்னோனின் பெயரைச் சொல்லின. வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார். யசுனோரியின் மேலிருந்த குளிர் சட்டென்று போய்விட்டது.

விளக்குகளைத் தயார் செய்யும்வரை வேலை செய்தவர்கள் கோயில் பின்கட்டில் உட்கார்ந்து சாக்கே அரிசிச்சாராயம் குடித்தார்கள். கன்சுகே ஒரு கோப்பையோடு வந்து, பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக, அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். முகம் சிவந்திருந்தது.

“யசு, திட்டறதுன்னா திட்டிடுடா. நாள் பூரா உன் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன். இதுக்குமேல என்னால முடியல.”

“என்ன?”

“அன்னிக்கு உன் பொண்டாட்டி என் பட்டறைக்கு வந்தா. பனி ஜாஸ்தியா இருக்கு, உள்ள வாங்கன்னேன். டீ குடிச்சா. கொஞ்ச நேரம் அழுதா. அப்புறம், ‘அந்த மனுஷன் அடுப்பு கூடப் பத்த வைக்காம உக்காந்திருப்பாரு, நான் போறேன்’னு எழுந்தா. இருட்டப் போகுது, சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டித்தரேன், இருங்கன்னு சொன்னேன். நேரமாகும், வேணாம்னா. நான் கட்டாயப்படுத்தியிருக்கணும். கையைப் பிடிச்சு உக்கார வச்சிருக்கணும். விட்டுட்டேன்.” கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “வண்டியைத் தூக்கறப்போ அது மேல பாத்துக்கிட்டு இருந்துச்சுடா. வீட்டுக்குத் திரும்பி வந்துட்டிருந்தா. நான் விட்டதால செத்தா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னைப் பாப்பேன்?”

யசுனோரி அவனைத் திட்டவில்லை. எழுந்தான். பின்கட்டிலிருந்து மண்டபத்துக்கு ஓடினான், ஒரு கால் செருப்பு வழியிலேயே நின்றது. சாமியார் உள்ளறையில் அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, உயிரை மறுபடி எடுங்க. ஒரு நிமிஷம் போதும்.”

“என்னப்பா இது. இனிமே அடுத்த வருஷந்தான்.”

“உள்ள ஒருத்தி இருக்கா. என் பொண்டாட்டி. பிப்ரவரில செத்துட்டா. காலையில நான் சொல்லல.”

ரியோகென் மடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மூணு தடவை கேட்டேனே. என்ன சொன்ன?”

“யாருமில்லைன்னு.”

“மூணு தடவையுமா?”

“ஆமா.”

“அப்போ யாருமில்லப்பா.” அங்கியைப் பைக்குள் வைத்தார். “அது வெறும் கேள்வின்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க. உள்ள வந்து உக்காந்தவங்களை வெளிய அனுப்பறது என் மந்திரம் இல்ல, அந்தப் பதில்தான். அவங்களுக்கு வேண்டியவங்க வாயால சொன்னா மறுபேச்சு பேசாம போயிடுவாங்க.”

“எங்க போவாங்க?”

“எனக்குத் தெரியாது.”

“போன் நாளுக்கு வருவாளா? வீட்டு வாசல்ல நெருப்பு மூட்டி வச்சா வருவாளா?”

சாமியார் பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். போகும்போது அவன் முதுகில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனார்.

மண்டபத்தில் விளக்குகளை ஏற்றியாகிவிட்டது. கீழ்த்தெரு, மேல்தெரு எல்லாம் குளித்துவிட்டு, கையில் ஜெபமாலையோடு, முதல் கும்பிடுக்கு வந்திருந்தது. யசுனோரி சிலையின் பாதத்தைக் கட்டிக்கொண்டு அதில் காதை வைத்தான். துடைத்த மரம் வழவழவென்று, அன்றைய வெயிலின் சூட்டோடு இருந்தது. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. முழுசாக ஆள் நிறைந்த வீட்டின் அமைதி அது. அதில் அவளுக்கு இடமில்லை.

பின்னால் ஃபூகி யாரிடமோ தணிந்த குரலில் சொன்னாள். “இத்தனை நாள் கல்லு மாதிரி இருந்தார். இன்னிக்காவது கும்பிடத் தோணுச்சே. அழட்டும், விடுங்க.”

விட்டார்கள். வரிசை நீண்டுகொண்டே போய் வாசற்படியைத் தாண்டியது. லீவுக்கு வந்த பேரக்குழந்தை ஒன்று சிணுங்க ஆரம்பித்தது. கடைசியில் இவாவோ வந்து அவன் தோளைத் தொட்டார்.

“யசு, கொஞ்சம் தள்ளிக்கோப்பா. சனங்க கும்பிடணும்.”

அவன் தள்ளிக்கொண்டான்.